பாக்கி

சித்தேரிக்குப் போகும் கடைசி வண்டி
மலை ஏறினால் விடியும்வரை இறங்காது.
பச்சியப்பன் அண்ணன் இன்ஜினை அணைத்து
கடைசி நீளச் சீட்டில் சாய்ந்த ஐந்தாம் நிமிஷம் குறட்டை.
நான் கலெக்‌ஷனை எண்ணினேன்.
பைசா குறையவில்லை.
எல்லாம் சரியாக இருந்த ராத்திரியில்தான் எனக்கு அப்படித் தோன்றியது.
இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

முந்தின தடவை, தர்மபுரி பெரியாஸ்பத்திரி.
ஓ.பி. சீட்டு எழுதுகிறவரிடம் சொன்னேன்.
பி.பி. பார்த்த நர்ஸிடம் சொன்னேன்.
தூங்கி நாளான பயிற்சி டாக்டரிடம்.
அவுட்போஸ்ட் ஏட்டய்யாவிடம், சத்தமாக,
அவருக்கு ஒரு காது மந்தம்,
வரிசையில் நின்றவர்களுக்கு இல்லை.
ஐந்தாவது ஆள் கேட்கும்போது
வேறு எவனுக்கோ நடந்ததுபோல ஒப்பித்தேன்.
"தீர்த்தகிரின்னு சாமி பேர வச்சிக்கிட்டு" என்றார் ஒருவர்.
"ரெண்டு பொட்டப் புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா?"
நினைக்காமலா.
நீ இல்லாவிட்டால் அதுகளுக்கு நல்லது என்று
அன்றைக்கு மண்டைக்குள் ஒன்று ஓதிக்கொண்டே இருந்ததே,
அதைக் கேட்க அங்கே ஒரு ஸ்டூல்கூட இல்லை.

சித்தேரியில் டவர் ஒரே கோடு,
அதுவும் பின்படிக்கட்டில் நின்றால்.
நின்றேன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது மிஷின்.
நாலு தடவை முக்கியம் என்றது.
பிறகு ஒரு பெண் குரல்:
"இப்ப எங்க இருக்கீங்க?"

அது என் வார்த்தை.
பத்தொன்பது வருஷம் நான் கேட்டது அது ஒன்றுதான்.
சாவு வீட்டுக்குப் போகிறவரை,
கோர்ட்டுக்குப் போகிறவரை,
துணிப்பையோடு அரூரில் அவசரமாக ஏறிய ஜோடியை
ஏன் போகிறாய் என்று கேட்டதில்லை.
எங்க? அவ்வளவுதான்.

சொன்னேன்.
"சாகணும்னு தோணுதா?" என்றாள் நேராக,
குரலைத் தணிக்காமல்.
அரை டிக்கெட்டுக்கு வயசைக் குறைக்கிறவர்கள்போல
சுற்றி வளைக்கவில்லை.
ஆமா என்றேன்.
அவள் பதறவில்லை. நான்தான் உட்கார்ந்துவிட்டேன், படியில்.

லைன் கட்டாச்சு.
மறுபடி கூப்பிட்டது நானில்லை.
இன்னொரு தரம் கட்டாச்சு.
அப்போதும் நானில்லை.

"பக்கத்துல யாரு இருக்கா?"
டிரைவர். குறட்டை விடறாரு.
"எழுப்பலாமா?"
வேணாம்.
"சரி, அந்தக் குறட்டை எனக்குக் கேக்கற மாதிரி போன வைங்க."
வைத்தேன்.
சித்தேரி இருட்டில் இரண்டு பேர்
ஒரு மனுஷன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
ரொம்ப நேரம். அவளுக்கு அவசரமில்லை.
அல்லது இருந்ததை என்னிடம் காட்டவில்லை.

"இப்ப எழுப்பலாமா?" என்று மறுபடி கேட்டாள்.
எழுப்பினேன்.
அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.
லுங்கியை இறுக்கிக்கொண்டு முன்னால் போய்
உள்விளக்கு எல்லாவற்றையும் போட்டார்.
பேட்டரி போயிடும்டா என்று தினமும் திட்டுகிற மனுஷன்
விடியும்வரை அணைக்கவில்லை.

"வியாழக்கிழமை பதினொன்றே காலுக்குக் கூப்பிடுவேன்,
வேற யாரும் இல்ல, நானே" என்றாள்.

சில்லறை இல்லாத நாளில்
டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவேன்: பாக்கி 12.
பாதிப் பேர் மறந்து இறங்குவார்கள்.
உள்ளதைச் சொல்கிறேன்,
நானாகக் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை.

வியாழன். அரூர் ஸ்டாண்ட்.
பதினொன்றே கால் ஆச்சு. இருபது ஆச்சு.
இவ்வளவுதான் என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.
போட்ட இடத்தில் அதிர்ந்தது.
"லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க."
முதலிலிருந்து சொல்லச் சொல்வாள் என்று
தொண்டையைச் செருமினேன்.
"பச்சியப்பன் அண்ணன் இன்னும் குறட்டை விடறாரா?" என்றாள்.

விசில் கொடுக்க மறந்து நான் நிற்க
பின்னால் மூன்று பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.